அட்டைக்கத்தியும் நாலடி டம்ளரும்: பல்சுவை நிகழ்ச்சிக்கு நாமே ப்ராப்பர்ட்டி செய்வது எப்படி?

காணும் பொங்கலன்று மாலை எங்கள் தெருமுனையில் மேடை போடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் நடனம், மிமிக்ரி, மேஜிக், பீமனும் துரியோதனனும் மோதும் ஒரு காட்சி, இரண்டு காமெடி நாடகம் என்று பத்துப் பன்னிரண்டு ஐட்டம் இருக்கும். எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. அதனால் கத்தி, கிரீடம், நிலா, பானை எல்லாம் செய்து தரும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் இரண்டு வருடம் அழகழகாகச் செய்தேன், மேடையில் பாதி சொதப்பியது. பொருளைச் செய்து முடித்த பிறகுதான் நடிப்பவர் கையில் கொடுத்தேன் என்பதே அதற்குக் காரணம். இப்போதெல்லாம் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் அசிங்கமாக ஒரு டம்மியைக் கொடுத்துவிட்டு, அழகு வேலையை அப்புறம் தொடங்குகிறேன்.

பள்ளி ஆண்டு விழா, குடியிருப்புச் சங்க விழா, கோயில் திருவிழா எதுவானாலும் வேலையின் வரிசை இதுதான். மூன்று வாரம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம்.

படி 1: பட்டியல் போடுங்கள், பாதியை அடித்துவிடுங்கள்

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பொறுப்பானவரைப் பிடித்து உட்கார வைத்து, "என்னென்ன வேணும்?" என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதும்போது பொருளின் பெயரோடு நிறுத்தாதீர்கள். அதை யார் எடுத்து வருகிறார், எந்தக் கையில், மேடையின் எந்தப் பக்கமிருந்து? ஐட்டம் முடிந்ததும் யார் எடுத்துப் போவது? நடுவில் அதைத் தூக்கி எறிவார்களா, மேலே ஏறி நிற்பார்களா, தண்ணீர் படுமா? இவற்றையும் எழுதுங்கள். முழுநீள நாடகத்தில் காட்சிக்குக் காட்சி திரை விழும். பல்சுவை நிகழ்ச்சியில் ஒரு நடனம் முடிந்து தொகுப்பாளர் நாலு வார்த்தை பேசுவதற்குள் அடுத்த ஐட்டத்தின் சாமான் மேடையில் இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நடையில் தூக்கி வர முடியாத எதையும் ஏற்காதீர்கள்.

பிறகு பட்டியலில் பாதியை அடியுங்கள். நாற்காலி, குடை, அண்டா, கைத்தடி, பழைய ட்ரங்குப் பெட்டி இவையெல்லாம் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும், கேட்டு வாங்கினால் போதும். நிஜப் பொருள் கனமாக இருந்தால், ஆபத்தாக இருந்தால், மேடையில் உடைய வேண்டியிருந்தால், அல்லது நிஜ அளவைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் மட்டும் செய்யுங்கள். எங்களுக்கு வழக்கமாக ஆறேழுதான் மிஞ்சும்.

படி 2: கதவை அள

டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று இடத்துக்குப் போங்கள். செய்யும் இடத்தின் வாசற்படி, ஏற்றிப்போகும் வண்டி, மேடையின் பக்கவாட்டு வழி. வீட்டுக் கதவு பெரும்பாலும் இரண்டரை, மூன்று அடி அகலம்தான். குட்டி யானையின் பின்பக்கத் தொட்டி ஏறக்குறைய ஏழடி நீளம், அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. தற்காலிக மேடையில் பக்கத் தட்டிக்கும் சாமியானா காலுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகும் இடைவெளிதான் விட்டிருப்பார்கள். இந்த மூன்றில் எது சின்னதோ அதுதான் உங்கள் அளவு. அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் இரண்டு துண்டாகச் செய்து மேடையோரத்தில் சேர்க்க வேண்டியதுதான். மொட்டைமாடியில் வைத்து ஒரு தேர்ச்சக்கரம் செய்துவிட்டு, படிக்கட்டில் இறங்காமல், கடைசியில் கயிறு கட்டித் தெருவுக்கு இறக்கியவன் சொல்கிறேன்.

படி 3: டம்மி

இதைத் தாண்டிப் போக நினைக்காதீர்கள்.

ஒரு காமெடி நாடகத்துக்கு ஐந்தடி உயர செல்போன் கேட்டார்கள். அதன் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துப் பேச வேண்டும். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, முகத்துக்கு ஓட்டை போட்டு, வர்ணம் எதுவும் அடிக்காமல் ஒத்திகையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அண்ணா, மைக்கை யாரு புடிப்பா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து ஐகான் எல்லாம் வரைந்த பிறகு இந்தக் கேள்வி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? டம்மியாக இருந்ததால், அட்டையின் பின்பக்கம் முழங்கை நுழையும் அளவுக்கு நாடா வைத்து ஒரு கைக்கு வேலை இல்லாமல் செய்தோம், அவ்வளவுதான்.

டம்மி இருபது நிமிடத்தில் முடிய வேண்டும். பழைய அட்டை, பிரவுன் டேப், செய்தித்தாள் போதும். நிஜ அளவில் இருக்க வேண்டும், முடிந்தால் நிஜ எடையிலும். உள்ளே ஒரு செங்கல்லோ தண்ணீர் பாட்டிலோ வைத்து எடையைக் கூட்டலாம். இரண்டு ஒத்திகைக்கு அதைப் புழங்க விட்டுவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். எங்கே பிடிக்கிறார்கள், எங்கே வைத்துவிட்டு மறக்கிறார்கள், எது காலில் இடறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கை போகும் இடத்தில்தான் பிடி வரவேண்டும். நமக்கு அழகாகப் பட்ட இடத்தில் வைத்தால் மேடையில் தடுமாறுவார்கள்.

படி 4: எதில் செய்வது?

அட்டைப்பெட்டிதான் ராஜா. வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் கேட்டால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பெட்டிகள் கிடைக்கும். அட்டைக்குள் வரிவரியாக ஓடும் நெளிவைக் கவனியுங்கள். நெளிவு ஓடும் திசையில் அட்டை விறைப்பாக நிற்கும், அதற்குக் குறுக்கே மடங்கும். நிற்க வேண்டிய பொருளுக்கு நெளிவு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். இதைக் கவனிக்காமல் வெட்டினால் உங்கள் கோட்டைச் சுவர் இரண்டாவது பாட்டிலேயே இடுப்பொடிந்து நிற்கும்.

தெர்மாகோல் லேசானது, செதுக்க வசதியானது, ஆனால் பலமே கிடையாது. அதில் கத்தி செய்யாதீர்கள், ஒரே மோதலில் இரண்டாகிவிடும். நிலா, மேகம், பாறை, எழுத்து இவற்றுக்கு ஏற்றது. புதிய கட்டர் பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள், மழுங்கிய பிளேடு மணிமணியாகப் பிய்க்கும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை மட்டும். செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசை, ஃபெவிக்விக், ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர் கலந்த எனாமல் எல்லாமே தெர்மாகோலைக் கரைத்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு துண்டில் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள், கண்ணெதிரே குழி விழும். தெர்மாகோலில் செய்த பொருள் எதையும் காற்றில் நிற்க விடாதீர்கள். ஒரு வருடம் தலைமை விருந்தினருக்காக வைத்த பெடஸ்டல் ஃபேன் திரும்பியதும் எங்கள் பௌர்ணமி நிலா மேடையின் குறுக்கே பறந்து தபேலாக்காரர் தலையில் இறங்கியது. கீழே செங்கல், பின்னால் கம்பி, இரண்டும் வேண்டும்.

எலும்புக்கூட்டுக்கு மூங்கில் பிளாச்சு, ஒன்றேகால் அங்குல மர ரீப்பர், முக்கால் அங்குல பிவிசி பைப். பைப்பில் எல்போ, டீ என்ற இணைப்புத் துண்டுகளை மாட்டிக் கழற்றலாம் என்பதால் மறுவருடமும் உதவும். கட்ட கட்டுக்கம்பி. அதன் நுனி ஒவ்வொன்றையும் உள்பக்கம் மடக்கி டேப் சுற்றுங்கள், வேட்டியையும் கன்னத்தையும் கிழிப்பது அந்த நுனிகள்தான். தோலுக்குக் காடாத் துணி, செய்தித்தாள், பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கம். ஃப்ளெக்ஸ் மழைக்குத் தாங்கும், ஆனால் தண்ணீர் கலக்கும் பெயிண்ட் அதில் உரிந்துவிடும். அதனால் நான் அதைப் பின்பக்கத் தடுப்புக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

லேசாகச் செய்வது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். தெருக்கூத்துக்காரர்களின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். பார்க்க அத்தனை பாரமாகத் தெரியும், எடுத்தால் பூ மாதிரி இருக்கும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியது. விடிய விடிய ஆட வேண்டியவர் சுமக்கிற சாமான் அப்படித்தான் இருக்க முடியும். பொய்க்கால் குதிரைக் கூட்டையும் இடுப்பில் மாட்டிக்கொண்டு, கட்டைக்காலில் நின்று ஆடுகிறார்கள். அதில் ஒரு கிலோ கூடினால் யார் முதுகில் விழும்?

படி 5: டபரா டம்ளர், ஆரம்பம் முதல் கடைசி வரை

பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பொருளை முழுசாகச் செய்து காட்டுகிறேன். நாடகம் இதுதான்: காபி குடிக்காமல் கண் திறக்காத ஒருவர், கனவில் டம்ளருக்குள்ளிருந்து ஒரு குட்டிப் பிசாசு எழுந்து அவரை மிரட்டுகிறது. பிசாசு எட்டு வயதுப் பையன். அவன் உட்கார்ந்து ஒளிய வேண்டும், பிறகு நுரையைப் பிளந்துகொண்டு எழ வேண்டும்.

வீட்டு டம்ளரை அளந்தேன். உயரம் 9 செ.மீ., வாய் 7.5, அடி 5.5. எல்லாவற்றையும் 13-ஆல் பெருக்கினால் உயரம் 117, வாய் 97.5, அடி 71.5 செ.மீ. உயரம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. பெரிதாக்கும்போது இப்படி ஒரே எண்ணால் பெருக்குங்கள். குத்துமதிப்பாகச் செய்தால் டம்ளர் குப்பைத்தொட்டி ஆகிவிடும், பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் சிரிப்பு வராது.

சரி, 97.5 செ.மீ. வாய் எங்கள் இரண்டரை அடிக் கதவில், அதாவது 76 செ.மீ.யில், எப்படி நுழையும்? அதனால் பாதி டம்ளர்தான் செய்தேன். நெடுக்காக இரண்டாகப் பிளந்த மாதிரி, முன்பாதி மட்டும். பின்பக்கம் திறந்தே இருக்கும், பையன் அந்த வழியாகத் தவழ்ந்து வந்து உட்கார்ந்துகொள்வான். மேடையே நாலடி உயரம், அதன்மேல் டம்ளர். கீழே உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் வாய்க்கு உள்ளே தெரியாது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் அல்ல என்று சமாதானம் செய்துகொண்டேன்.

முதலில் பின்சட்டம். 118 செ.மீ. ரீப்பர் இரண்டு. மேலே அகன்று கீழே குறுகும்படி சாய்த்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று குறுக்குக் கட்டை அடித்தேன். கீழ்க்கட்டை மேடைத் தரையோடு கிடப்பதால் கால் தடுக்கும். அதில் வெள்ளை டேப் ஒட்டினால் அரையிருட்டிலும் தெரியும். அடுத்து மூங்கில் பிளாச்சில் மூன்று அரைவட்டம். மேலே 153 செ.மீ. நீளம், நடுவில் 133, கீழே 112. இவற்றோடு இரு முனையிலும் கட்டுவதற்கு ஐந்தைந்து செ.மீ. கூடுதலாக விடுங்கள். பிளாச்சை ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போட்டால் முறியாமல் வளையும். வளைத்து, இரு முனையையும் கயிற்றால் இழுத்துக் கட்டிக் காயவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். கூடை முடைபவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடமே கேளுங்கள், நமக்கு ஒரு மணி நேரம் ஆவதை அவர் பத்து நிமிடத்தில் முடிப்பார்.

தோலை ஒரே அட்டையாகச் சுற்றப் பார்த்தேன், வரவில்லை. டம்ளர் மேலே அகலம், கீழே குறுகல், செவ்வக அட்டை அதில் உட்காராது. அதனால் எட்டுப் பட்டைகள். ஒவ்வொன்றும் மேலே 19 செ.மீ., கீழே 14 செ.மீ. அகலம், ஒன்றன்மேல் ஒன்று ஏற இரண்டு செ.மீ. கூடுதல். நெளிவு மேலும் கீழுமாக. உள்பக்கமிருந்து பிரவுன் டேப் போட்டு இணைத்து, வெளிப்பக்கம் இணைப்புகளின்மேல் செய்தித்தாள் கிழிசல்களை மைதாப் பசையில் தோய்த்து ஒட்டினேன். இரண்டு சுற்று ஒட்டியதும் எட்டுப் பட்டை ஒரே உடம்பாகிவிட்டது. வாய் விளிம்புக்கு, ஏசி பைப்புக்குச் சுற்றுவார்களே, கறுப்பு ஃபோம் குழாய், அதை நெடுக்கக் கீறி மேல் வளையத்தில் மாட்டினேன். விளிம்பு உருண்டு வந்தபோதுதான் அதற்கு டம்ளர் களையே வந்தது. பையன் எழும்போது மூங்கில் விளிம்பு கையில் கீறாது என்பது கூடுதல் லாபம்.

வர்ணத்தில் ஒரு தப்பு செய்தேன். எவர்சில்வர் பளபளப்புக்காகச் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினேன். வெளிச்சத்தில் பார்த்தால் பிரியாணிப் பொட்டலம். கண்ணும் கூசியது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுப் பித்தளையாக மாற்றினேன். மஞ்சள்காவி அடித்தளம், வலது ஓரம் நெடுகக் காப்பிக்கொட்டை நிறத்தில் நிழல், இடதுபக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி மேலிருந்து கீழாக வெண்ணெய் நிறத்தில் ஒரு கோடு. அந்த ஒரு கோடுதான் பத்தடி தள்ளி நின்றால் உலோகமாகத் தெரிகிறது. டபராவுக்கும் அதே பக்கம் நிழல், அதே பக்கம் கோடு. பக்கம் மாறினால் இரண்டும் இரண்டு வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

டபரா வெறும் முன்தட்டி, அரைவட்டமாக ஒரு அடி உயரம், டம்ளரின் காலை மறைக்க. நுரைக்குத் தலையணைப் பஞ்சு. அதில் தேயிலைத் தண்ணீரைத் தெளித்துக் காயவைத்து, பின்சட்டத்தின் மேல்கட்டையில் தொங்கும் வலையில் லேசாகப் பரப்பினேன். பையன் எழுந்தபோது தலையில் நுரையோடு வந்தான். அது நாங்கள் திட்டமிடாதது. அடுத்த ஒத்திகையிலிருந்து திட்டமிட்டதாகிவிட்டது.

படி 6: காகிதம் ஒட்டும் வேலை, மார்கழிப் பனி

கதாயுதம், தலை, பானை, பழம், யானைமுகம் எல்லாம் ஊதிய பலூனின்மேல் காகிதம் ஒட்டிச் செய்வதுதான். பசை: ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நாலு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற வேலையில் வேண்டாம். ஆறிய பசையில் கால் பங்கு ஃபெவிகால் கலந்தால் போதும்.

காகிதத்தை வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம் படிந்துபோகும், வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும். முதல் சுற்று தமிழ் நாளிதழ், இரண்டாவது சுற்று ஆங்கில நாளிதழ், மறுபடி தமிழ் என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்று பார்த்ததும் தெரியும். ஐந்து சுற்று ஒட்டினால் பலூனை உடைத்த பிறகும் ஓடு நிற்கும். ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

பொங்கல் நிகழ்ச்சிக்கு ஒட்டுகிறவர்களுக்கு மார்கழிதான் எதிரி. பகலில் காய்ந்ததை இரவுப் பனி மறுபடி நனைத்துவிடும். காலை பத்து மணி வெயிலில் வையுங்கள், நாலு மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள், இரவில் மேஜை ஃபேன் முன்னால் வையுங்கள். தட்டிப் பார்த்தால் 'டக்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் உள்ளே ஈரம். ஈரத்தின்மேல் பெயிண்ட் அடித்தால் நாலு நாளில் பூஞ்சை பிடித்து, தலைக்குள் தலையை விட்டவர் பாடு திண்டாட்டம்.

கதாயுதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உருண்டையில் ஓட்டை போட்டு, பிவிசி பைப்பை இரண்டு அங்குலம் நுழைத்து, எம்-சீல் வைத்து அடைத்தேன். கையில் நன்றாகத்தான் இருந்தது. மேடையில் பீமன் வேகமாக ஒரு சுற்று சுற்றினான், உருண்டை மட்டும் கழன்று முன்வரிசையில் ஒரு பாட்டியின் மடியில் போய் விழுந்தது. வெறும் காகிதம் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. பாட்டி அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு கடைசிவரை தரவில்லை. மிச்சச் சண்டையைப் பீமன் வெறும் குழாயோடு போட்டான். அன்றிலிருந்து பைப் உருண்டையின் அடியில் நுழைந்து உச்சியில் வெளியே வரும். உச்சியில் பைப்பின் குறுக்கே ஒரு நீள போல்ட், அதன்மேல் கூம்பு மாதிரி அட்டை முடி. சுழற்றுவது எதுவானாலும் கைப்பிடி பொருளின் ஊடே முழுசாகப் போக வேண்டும்.

லேசான கதாயுதம் கனமாகத் தெரிவது நடிப்பவர் தோளில் இருக்கிறது. தூக்குவதற்கு முன் முழங்கால் மடங்க வேண்டும், கீழே வைத்ததும் மூச்சு வாங்க வேண்டும். ஒத்திகையில் ஒரு வாளித் தண்ணீரை நாலு தடவை தூக்கச் சொல்லிவிட்டு, உடனே கதாயுதத்தைக் கையில் கொடுங்கள், உடம்புக்குப் புரிந்துவிடும்.

அட்டைக்கத்தி என்றால் ஊரில் கேலி. ஆனால் ஒழுங்காகச் செய்த அட்டைக்கத்தி மூன்று நிகழ்ச்சி தாங்கும். இரண்டு அட்டைக்கு நடுவே கைப்பிடி வரை ஒரு மூங்கில் பிளாச்சு வைத்து ஒட்டி, ஓரம் முழுதும் டேப்பால் உருட்டி மூடுங்கள். வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் பொம்மை மாதிரிதான் இருக்கும். கறுப்பு அடித்துக் காய்ந்ததும், பென்சில் கரியைப் பொடித்துப் பஞ்சால் தேய்த்தால் இரும்பு வந்துவிடும். கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் ட்யூப் சுற்றினால் வியர்வையில் வழுக்காது.

உடையும் பானை

நிஜப் பானை மேடையில் வேண்டவே வேண்டாம், அடுத்த ஐட்டத்தில் வெறுங்காலோடு ஆடும் பிள்ளைகள் வருவார்கள். காகிதப் பானை செய்து, காய்ந்ததும் கோணல்மாணலாக நாலு துண்டாக வெட்டி, உள்விளிம்பில் சின்னக் காந்தங்கள் ஒட்டிச் சேருங்கள். தடியால் தட்டினால் சிதறும். பொறுக்கிச் சேர்த்தால் மறுபடி பானை, எத்தனை ஒத்திகை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் காகிதம் உடைகிற சத்தம் போடாது. பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒருவர், கோணிப்பைக்குள் நாலு ஓட்டுத்துண்டு, ஒரு சுத்தியல், எதிரே ஒரு மைக். தடி படும் அதே நொடியில் அவர் அடிக்க வேண்டும். இது மட்டும் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தோம்.

தீக்கும் அப்படித்தான். ஆரஞ்சு, மஞ்சள் பட்டுத்துணிப் பட்டைகளை ஒரு சின்ன ஃபேன் மேல் கட்டி, கீழிருந்து எல்இடி வெளிச்சம் விட்டால் எரிவது போலவே படபடக்கும். தெர்மாகோலும் காகிதமும் துணியும் குவிந்திருக்கும் மேடையில் நிஜ நெருப்பு வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். பொருளுக்குள் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியிலோ பவர்பேங்கிலோ எரியும் எல்இடி பட்டை. வீட்டு மின்சார ஒயரை உள்ளே இழுக்கவே கூடாது. ஹாலோஜன் போகஸ் லைட்டுக்குப் பக்கத்தில் எதையும் சாய்த்து வைக்காதீர்கள், அது கொதிக்கும். ஒரு வாளி மணல், ஒரு வாளித் தண்ணீர் மேடைக்குப் பின்னால் இருக்கட்டும்.

படி 7: வெளிச்சத்தில் பாருங்கள், தூரத்தில் பாருங்கள்

மேடையில் வெள்ளை வெளிச்சம் கொஞ்ச நேரம்தான், மிச்ச நேரம் சிவப்பும் நீலமும். வெள்ளை அட்டையில் சிவப்பு எழுத்து சிவப்பு வெளிச்சத்தில் காணாமல் போகும். நீல வெளிச்சத்தில் ஆரஞ்சு அழுக்காகக் கறுத்துவிடும். செல்போன் டார்ச்சின்மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்று, நீலம் ஒன்று என்று மாற்றி வைத்து, இருட்டறையில் அடித்துப் பார்த்துவிட்டு வர்ணத்தை முடிவு செய்யுங்கள்.

பிறகு பொருளைத் தெருவில் ஒரு முனையில் வைத்து, அறுபதடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். என்ன பொருள் என்று தெரியவில்லையென்றால் நுணுக்கத்தைக் கூட்டாதீர்கள், ஓரத்தில் தடிமனாக ஒரு இருண்ட கோடு போடுங்கள். எழுத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம். அறுபதடி என்றால் ஆறு அங்குலம். காசோலை, கல்யாணப் பத்திரிகை என்று கையில் பிடிக்கும் தாளில் எதையாவது எழுதிவிட்டுக் கடைசி வரிசை படிக்கும் என்று நம்பாதீர்கள். அதை நடிப்பவர் வாயால் சொல்லியாக வேண்டும்.

படி 8: நிகழ்ச்சி அன்று

மேடைக்குப் பின்னால் ஒரு நீள மேஜை. அதன்மேல் வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து, அதைச் சுற்றி மார்க்கரால் கோடு இழுத்து, ஐட்டம் எண்ணையும் எழுதுங்கள். கோட்டுக்குள் வெறுமையாக இருந்தால் பொருள் திரும்பவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். மேஜைக்குப் பொறுப்பானவர் எந்த ஐட்டத்திலும் நடிக்கக் கூடாது. பிள்ளைகள் கத்தியை எடுத்து விளையாடுவார்கள், அதைத் தடுக்கக் கொஞ்சம் கண்டிப்பான அத்தையோ சித்தப்பாவோ உத்தமம். மேஜைக்கடியில் ஒரு பை: பிரவுன் டேப், கட்டுக்கம்பி, கொறடு, கத்தரி, ஊக்கு, ஊசிநூல், ஃபெவிக்விக், உடைந்தால் மாற்ற இன்னொரு கத்தி.

வண்டியில் ஏற்றும்போது தெர்மாகோல் தட்டைகளைப் படுக்கவைத்து மேலே சாக்கு போட்டுக் கட்டுங்கள். காலை வெளிச்சத்திலேயே கொண்டுபோய், மேடையில் ஒருமுறை ஒவ்வொரு பொருளையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பக்கத் தட்டி முந்தின நாள் அளந்த இடத்தில் இருக்காது. எப்போதும் இருந்ததில்லை.

முடிந்த பிறகு

அன்றிரவே பிரித்துவிடுங்கள். மறுநாள் என்றால் யாரும் வரமாட்டார்கள். பைப், எல்போ, ரீப்பர், காந்தம், எல்இடி இவை தனிப்பெட்டிக்கு. மைதாப் பசை போட்ட சாமான் எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து, வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள். தெர்மாகோலை அடுத்த போகியில் போட்டுக் கொளுத்திவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கரும்புகை வீடு முழுக்க நாறும், உடம்புக்கும் கெடுதல். பெரிய துண்டுகளை அடுத்த வருடப் பாறைக்கு எடுத்து வையுங்கள்.

எங்கள் டம்ளர் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. போன மாதம் பிசாசுப் பையன் உள்ளே உட்கார்ந்து பார்த்தான். தலை வெளியே தெரிகிறது. இந்த வருடம் 13-ஆல் பெருக்கினால் பத்தாது.